சும்மா இருப்பவனுக்குச் சம்பளம்

மாதக் கடைசியில் ஒரு நாள் காலையில் என் கைப்பேசி ஒரு தடவை கனைக்கும். பென்ஷன் வந்துவிட்டது என்று அர்த்தம். அடுப்படியிலிருந்து என் மனைவி திரும்பிப் பார்க்காமலே கேட்பாள்: “சும்மா இருந்ததுக்குக் கூலி வந்திருச்சாக்கும்?”

இதற்குச் சுருக்கென்று ஒரு பதில் சொல்ல வேண்டும் என்று 24 வருஷமாக யோசித்துவருகிறேன். அந்த அளவில் நான் சும்மா இருக்கிறேன் என்று சொல்வது அபாண்டம்.

1977-ல் ஒரு பொதுத்துறை வங்கியில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவன் நான். இரண்டு கையாலும் தூக்க வேண்டிய லெட்ஜர், பணம் எடுக்க வருபவருக்குப் பித்தளை டோக்கன், அரையாண்டுக் கணக்கு முடிக்கும் ஜூன் 30, டிசம்பர் 31 ராத்திரிகளில் வங்கிச் செலவில் பரோட்டா என்று வாழ்ந்த தலைமுறை. ஒரு தடவை ஒன்பது பைசா உதைத்தது. எட்டுப் பேர் மூன்று ராத்திரி தேடினோம். வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் எங்கோ இரண்டு இலக்கம் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது என்பது குமாஸ்தா குலத்தின் பரம்பரை ஞானம். மூன்றாம் ராத்திரி கண்டுபிடித்தோம்: 45 பைசாவை 54 என்று யாரோ எழுதியிருந்தார்கள். கையெழுத்து என்னுடையது. மூன்று ராத்திரியும் அதிகச் சுறுசுறுப்பாகத் தேடியவன் நான்தான் என்பதால் யாரும் சந்தேகப்படவில்லை.

இப்படி மானத்தோடு பிழைத்துக்கொண்டிருந்த எங்களுக்குக் கம்ப்யூட்டர் வரப்போகிறது என்றதும் வயிற்றைக் கலக்கியது. 1983-ல் வங்கி நிர்வாகங்களும் ஊழியர் சங்கங்களும் இயந்திரமயம் பற்றி ஓர் ஒப்பந்தம் போட்டன. அடுத்த வருஷம் ரங்கராஜன் குழு, வங்கிகளில் எங்கெங்கே எந்தெந்த இயந்திரம் என்று ரிசர்வ் வங்கிக்கு அறிக்கை கொடுத்தது. நான் வாயிற்கூட்டத்தில் நின்று “கம்ப்யூட்டரே வெளியேறு” என்று கத்தினேன். அது இன்னும் உள்ளேயே வரவில்லை என்பதைப் பக்கத்தில் நின்ற தோழர் காதோடு சொன்னார். பிறகு அது உள்ளேயும் வந்தது. கூடவே ஒரு சர்க்குலரும் வந்தது: இயந்திரத்தை இயக்குபவருக்கு மாதாமாதம் தனி அலவன்ஸ். காலையில் கோஷம் போட்டுக் கட்டிய தொண்டை திறப்பதற்குள் மாலையில் விண்ணப்பம் கொடுத்துவிட்டேன்.

பதினைந்து வருஷத்துக்குள் இயந்திரம் வேலையை நன்றாகக் கற்றுக்கொண்டது, நான் கற்றுக்கொள்ளவில்லை. 2001 வாக்கில் விருப்ப ஓய்வுத் திட்டத்தில் பொதுத்துறை வங்கிகளிலிருந்து சுமார் ஒரு லட்சம் பேர் வெளியே வந்தார்கள். அந்த ஒரு லட்சத்தில் அடியேனும் ஒருவன். அப்போது வயது 47. பட்டினி கிடக்கவில்லை, சங்கம் போராடி வாங்கித் தந்த பென்ஷன் இருந்தது. வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டது, சோறு மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது. இந்த ஏற்பாட்டுக்குப் பொருளாதாரத்தில் ஒரு பெயர் உண்டு என்பது அப்போது எனக்குத் தெரியாது.

மதுரை எஸ்.எஸ். காலனியில் எங்கள் தெருமுனை டீக்கடையில் காலை ஆறரைக்கு ஆறு பேர் கூடுவோம். ரயில்வே ஒருவர், மின்வாரியம் ஒருவர், வாத்தியார்கள் இரண்டு பேர், தாலுகா ஆபீஸ் ஒருவர், வங்கி நான். ஆறு பேரும் பென்ஷன்காரர்கள். 2023 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு கலைஞர் மகளிர் உரிமைத் தொகையைக் காஞ்சிபுரத்தில் தொடங்கியது. 1 கோடியே 6 லட்சம் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய். அன்று எங்கள் பெஞ்சில் ஒரு தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது: ‘சும்மா காசு கொடுத்தால் எவன் வேலைக்குப் போவான்?’ முன்மொழிந்தவன் நான். கைதட்டல்கூட விழுந்தது. அந்தக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரே ஒருத்தர்தான். எழுபதை நெருங்கும் டீ மாஸ்டர். விடிகாலை நாலு மணிக்கு அடுப்புப் பற்றவைத்தவர், பென்ஷன் கிடையாது. விவாதத்தில் கலந்துகொள்ள அவருக்கு நேரமில்லை.

என் வாக்கு அடுத்த மாதமே பலித்தது. எங்கள் வீட்டில் பத்துப் பாத்திரம் தேய்த்து, வீடு கூட்டித் துடைக்கும் உசிலம்பட்டியக்கா திடீரென்று நின்றுவிட்டார். நாங்கள் கொடுத்தது மாதம் 1,200. அவருக்கு 1,000 வர ஆரம்பித்திருந்தது. வேறு ஆதாரம் வேண்டுமா? டீக்கடையில் நெஞ்சை நிமிர்த்தி அறிவித்தேன். வீட்டில் அதே செய்தியை அதே குரலில் சொன்னபோது, மனைவி தேய்த்துக்கொண்டிருந்த இட்லிக் குண்டானை என் பக்கமாகத் திருப்பிக் காட்டினாள். நான் செய்தித்தாளுக்குள் போய்விட்டேன்.

செய்தி பெங்களூரில் இருக்கும் மகனுக்கு எட்டியது. மூன்றாம் நாள் ஒரு பெட்டி வந்து இறங்கியது. உள்ளே கறுப்பாக, வட்டமாக, ஊத்தப்பக் கல் அளவுக்கு ஒரு யந்திரம். தானே வீடு கூட்டுமாம், தானே துடைக்குமாம், களைத்தால் தானே போய்ச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளுமாம். என் மனைவி அதற்கு ‘மாப்பிள்ளை’ என்று பெயர் வைத்தாள். “பாத்துப் பாத்துக் கவனிக்கணும், ஒரு வேலையும் உருப்படியாச் செய்யாது, வேற என்ன பேரு வைக்க?”

முதல் நாள் மாப்பிள்ளை சாமி அறைக்குள் புகுந்து உள்கோலத்தை வழித்துத் தின்றது. விளக்குத் திரி ஒன்று சக்கரத்தில் சுற்றிக்கொள்ள, எண்ணெய்க் கோட்டைக் கூடம் முழுக்க இழுத்துக்கொண்டு போனது. வாசற்படி ஏறத் தெரியவில்லை. கோரைப்பாயின் ஓரத்தைக் கண்டால் கடித்துக்கொண்டு விடாது. சிக்கிக்கொண்டால், ‘நான் மாட்டிக்கொண்டேன், உதவுங்கள்’ என்று ஆங்கிலத்தில் ஒரு பெண் குரல் கூப்பிடும். நான் எழுந்து போய்த் தூக்கி அடுத்த அறையில் விட வேண்டும். அது வருமுன் செருப்பு, பாய், நாற்காலி எல்லாவற்றையும் தூக்கி வைக்க வேண்டும். வேலை முடிந்ததும் கவிழ்த்துப் போட்டு வயிற்றிலிருந்து தலைமுடியைக் கத்தரித்து எடுக்க வேண்டும். ஆக, என் வேலையைப் பறித்த இயந்திர குலம் 22 வருஷம் கழித்து எனக்கு வேலை போட்டுக் கொடுத்தது. பதவி: எடுபிடி.

அது வீடு முழுக்க ஊர்ந்து ஒரு வரைபடமும் போட்டது. கைப்பேசியில் பார்க்கலாம். கூடம், அடுப்படி, படுக்கையறை எல்லாம் சரியாக இருந்தது. கூடத்து ஜன்னலோரம் மட்டும் ஒரு திட்டு. ‘இங்கே அசையாத தடை இருக்கிறது’ என்று அடையாளம் போட்டிருந்தது. அது என் சாய்வு நாற்காலி. அதில் நான். “எனக்கு நாப்பது வருஷம் ஆச்சு. இது ஒரே நாள்ல கண்டுபிடிச்சிருச்சு” என்றாள் மனைவி. அன்றைக்குத்தான் மாப்பிள்ளைக்கு முதல் தடவையாகத் திருஷ்டி சுற்றிப் போட்டாள்.

மகனுக்கு நன்றி சொல்லப் போன் போட்டேன். ராத்திரி பதினோரு மணி, மீட்டிங்கில் இருந்தான். அமெரிக்காக்காரனுக்கு அப்போதுதான் பொழுது ஏறிக்கொண்டிருக்கும். என்ன வேலை என்று கேட்டால், அவனைப் போன்றவர்கள் செய்யும் வேலையைத் தானே செய்துகொள்ளும் ஒரு மென்பொருள் எழுதுகிறானாம். “உக்காந்திருக்கிற கிளையை நீயே வெட்டுறியேப்பா” என்றேன். “வெட்ட டெட்லைன் வெள்ளிக்கிழமை, அப்பா” என்று வைத்துவிட்டான்.

பொருளாதார மேதை கெயின்ஸ் 1930-ல் எழுதினார்: நூறு வருஷத்தில் இயந்திரங்கள் கைகொடுக்க, மனிதன் வாரத்துக்கு 15 மணி நேரம் வேலை செய்தால் போதும். அந்தக் கெடு முடிய இன்னும் சில வருஷம்தான் பாக்கி. 2023-ல் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் அதை 90-க்கு ஏற்றினார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து மனைவி முகத்தை எவ்வளவு நேரம்தான் பார்ப்பது என்ற பொருளில் கேட்கவும் செய்தார். நாடே அவர்மேல் பாய்ந்தது. என் மனைவி பாயவில்லை. “அவர் கேட்டது பாதிக் கேள்வி. மீதியை நான் கேக்குறேன்: 24 வருஷமா நான் எவ்வளவு நேரந்தான் உங்க முகத்தையே பாக்கிறது?”

இதற்கிடையில் டீக்கடையில் ரயில்வேக்காரர் ஒரு நாள் கொக்கி போட்டார். “சும்மா காசு கொடுத்தா ஜனம் சோம்பேறியாகும்னு சொல்றியே, ஆதாரம் உண்டா?” ஆதாரம் கேட்டால் குமாஸ்தாவுக்கு ரோஷம் வந்துவிடும். மகன் வாங்கித் தந்த டேப்லெட்டைத் துடைத்து எடுத்து, உலகத்துச் சோம்பேறிகளைத் தேடிப் புறப்பட்டேன்.

முதலில் கனடா. மானிடோபா மாகாணத்தில் டாஃபின் என்று ஒரு சிற்றூர். 1974 முதல் 1979 வரை, யாருடைய வருமானமும் ஓர் அளவுக்குக் கீழே இறங்காதபடி அரசு தாங்கிப் பிடித்தது. சிலர் வேலையைக் குறைத்துக்கொண்டார்கள் என்று படித்ததும் துள்ளிக் குதித்தேன். யார் அந்தச் சிலர் என்று அடுத்த வரியில் இருந்தது: கைக்குழந்தைக்காரிகளும், படிப்பை நிறுத்தாமல் பள்ளிக்கூடத்திலேயே இருந்துவிட்ட விடலைப் பையன்களும். பின்னாளில் எவெலின் ஃபார்ஜே என்ற பொருளாதார அறிஞர் பழைய ஆவணங்களைத் தோண்டிப் பார்த்தபோது, அந்த ஊரில் ஆஸ்பத்திரியில் சேர்வோர் அளவு 8.5 சதவீதம் குறைந்திருந்தது. பிள்ளை பெற்றவளையும் படிக்கிற பையனையும் சோம்பேறி என்று டீக்கடையில் சொன்னால் அடி விழும்.

அடுத்து ஃபின்லாந்து. 2017, 2018 ஆகிய இரண்டு வருஷம், வேலையில்லாத 2,000 பேருக்கு மாதம் 560 யூரோ. நிபந்தனை கிடையாது, வேலை கிடைத்தாலும் பணம் நிற்காது. இவர்களாவது படுத்துத் தூங்கியிருப்பார்கள் என்று பார்த்தால், மற்ற வேலையில்லாதவர்களைவிடச் சில நாள் கூடுதலாகவே வேலை செய்திருக்கிறார்கள். மனசும் தெளிவாக இருந்ததாம்.

வெள்ளைக்காரன் கதை நமக்கெதற்கு என்று மத்தியப் பிரதேசம் வந்தேன். 2011-ல் சேவா என்ற பெண் தொழிலாளர் அமைப்பு யுனிசெஃப் உதவியோடு சில கிராமங்களில் பெரியவருக்கு மாதம் 200, பிள்ளைகளுக்கு 100 என்று கொடுத்துப் பார்த்தது. பிற்பாடு 300, 150 ஆனது. சாராயத்துக்குத்தான் போயிருக்கும் என்று எண்ணினேன். குடிச் செலவு கூடவில்லை. அடுத்தவன் காட்டில் கூலிக்குப் போவதைக் குறைத்துத் தன் காட்டில் பாடுபட்டிருக்கிறார்கள். ஆடு மாடு வாங்கியிருக்கிறார்கள்.

மூன்று நாடு அலைந்தும் சும்மா காசு வாங்கிச் சோம்பேறியான ஆள் ஒருத்தன்கூடக் கிடைக்காமல் சோர்ந்துபோய் டேப்லெட்டை அணைத்தேன். கறுத்த கண்ணாடியில் ஒருவன் தெரிந்தான். ஜன்னலோரம், சாய்வு நாற்காலி, வயது 71.

தோல்வியை ஒப்புக்கொள்ளாமல் மனைவியிடம் போனேன். “இயந்திரம் வந்தா மனுஷனுக்கு ஓய்வு வரும். நியாயம் அதுதானே?” அவள் கிரைண்டரைக் கழுவிக்கொண்டிருந்தாள். “ஆட்டுரல் இருந்தப்ப இந்த வீட்டுல இட்லி எத்தனை நாளு?” யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி, விருந்தாளி வந்தால். “கிரைண்டர் வந்ததுக்கப்புறம்?” தினமும். ராத்திரி தோசை. “அப்ப ஓய்வு யாருக்கு வந்துச்சு?” அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் இதையே 1983-ல் ஒரு புத்தகமாக எழுதினார்: வீட்டுச் சாதனங்கள் பெருகப் பெருக இல்லத்தரசியின் வேலை நேரம் குறையவில்லை. என் மனைவி அதைக் கிரைண்டர் கழுவும் நேரத்தில் சொல்லி முடித்துவிட்டாள்.

நமது அரசே எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இருக்கிறது. 2024-ல், கூலியில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் செய்கிறார்கள். செய்யும் ஆண்கள் 88 நிமிடம். ‘செய்யும்’ என்று ஒரு சொல் போட்டு என்னைக் கணக்கிலிருந்தே தள்ளிவிட்டார்கள். சராசரியைக் கெடுக்காத பெருமையாவது எனக்கு உண்டு.

ஆனாலும் குமாஸ்தா புத்தி. எல்லாருக்கும் சும்மா காசு கொடுப்பது என்றால் எவ்வளவு ஆகும் என்று நாள்காட்டித் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். 140 கோடிப் பேருக்கு மாதம் 1,000 என்றால் வருஷத்துக்கு 16 லட்சத்து 80 ஆயிரம் கோடி. பூஜ்யம் எண்ணவே மூன்று தடவை கண்ணாடியைத் துடைத்தேன். 2025-26 மத்திய பட்ஜெட்டின் மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்கு! அர்விந்த் சுப்ரமணியன் தலைமைப் பொருளாதார ஆலோசகராக இருந்தபோது, 2016-17 பொருளாதார ஆய்வறிக்கையில் ‘அனைவருக்கும் அடிப்படை வருமானம்’ என்ற இந்த யோசனைக்கென்று ஓர் அத்தியாயமே ஒதுக்கினார். அதில் ஆளுக்கு வருஷம் 7,620 ரூபாய் என்று ஒரு கணக்கு, மாதத்துக்கு 635. அதற்கு ஈடாக இருக்கிற மானியங்களைக் குறைப்பது பற்றியும் அதில் பேச்சு உண்டு. இதை வாசித்துக் காட்டியபோது மனைவி ஒன்றுதான் கேட்டாள்: “ரேஷன் அரிசியை நிறுத்திட்டுக் காசு குடுப்பாகளா? அரிசி வெல ஏறுனா காசும் கூட ஏறுமா?” என் பென்ஷனில் ஆறு மாதத்துக்கு ஒரு தரம் பஞ்சப்படி மாறுகிறது. அதை அவளிடம் சொல்லவில்லை. பின்னால் அது எனக்கே வினையாயிற்று.

நவம்பர் வந்தது. பென்ஷன்காரன் தான் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டிய மாதம். கைரேகை இயந்திரத்தில் பத்து விரலையும் வைத்துப் பார்த்தேன், ஒன்றும் எடுபடவில்லை. வயதானால் ரேகை மங்குமாம். பிறகு முகத்தைக் காட்டி, கண்ணைச் சிமிட்டி, நான் உயிரோடிருப்பதை ஒரு கேமராவுக்குப் புரியவைத்தேன். வெளியே வரும்போது எதிரே உசிலம்பட்டியக்கா, ரேஷன் பையோடு. அவருக்கும் ரேஷன் கடையில் கைரேகை விழவில்லையாம். முப்பது வருஷம் சாம்பலும் சபீனாவும் தேய்த்த விரல். என் விரலைப் பார்த்துக்கொண்டேன். பேப்பரைப் புரட்டியதில் தேய்ந்திருக்கும்.

கேட்டே விட்டேன். “ஆயிரம் ரூவா வந்ததும் வேலையே வேணாம்னு உக்காந்துட்டீகளாக்கா?”

“யாரு சொன்னா? நாலு வீட்டுக்கு இப்பவும் போய்க்கிட்டுத்தேன் இருக்கேன். உங்க வீட்ட மட்டுந்தேன் விட்டேன்.”

“ஏன், சம்பளம் காணலையா?”

“கோவிச்சுக்கிடாதீக ஐயா. நான் கூட்டையில நீங்க பின்னாடியே வாரீக. ‘அந்த மூலையில தூசி, இந்த மூலையில தூசி’ன்னு. ரொம்ப நாளாவே நின்னுரணும்னு நெனச்சதுதேன். ஒரு வீட்ட விட்டா அடுத்த வீடு அமையிற வரைக்கும் அடுப்பு எரியணுமேன்னு பயம். இப்பத்தேன் அந்த ஆயிரம் வருதுல்ல. தைரியமா ஒரு வீட்ட வேணாம்னு சொல்லிப் பாத்தேன்.”

2001-ல் நான் மேலாளர் மேசையில் விருப்ப ஓய்வுக் கடிதத்தை வைத்துவிட்டு வந்த நடை ஞாபகம் வந்தது. அன்று எனக்கு இருந்த தைரியம் பென்ஷன் தந்த தைரியம். அதற்கு நான் வைத்த பெயர் சுயமரியாதை. அதையே இந்த அம்மாள் ஆயிரம் ரூபாயில் செய்து காட்டியபோது டீக்கடையில் வேறு பெயர் வைத்துவிட்டேன்.

அக்கா திரும்ப வந்தார், நிபந்தனைகளோடு. சம்பளம் 2,000. ஞாயிறு விடுமுறை. அவர் கூட்டும்போது நான் நாற்காலியை விட்டு எழக் கூடாது. மூன்றாவதை நிறைவேற்றுவதில் எனக்குச் சிரமமே இல்லை. மாப்பிள்ளையை மூலையில் அதன் சார்ஜ் மேடையிலேயே விட்டுவிட்டோம். வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் அது மின்சாரம் குடிக்கிறது. சும்மா சார்ஜ் ஏற்றினால் சோம்பேறியாகிவிடும் என்று நான் உட்பட யாரும் அதைச் சொன்னதில்லை.

ஞானோதயத்தின் வேகத்தில் போன மாதம் 15-ஆம் தேதி மனைவியின் கணக்குக்கு 1,000 ரூபாய் அனுப்பினேன். என்னைப் போன்ற வங்கிப் பென்ஷன்காரன் வீட்டுக்கு அரசின் உரிமைத் தொகை கிடையாது. ஆகவே என் கஜானாவிலிருந்து. அவள் கைப்பேசி கனைத்தது.

“என்ன இது?”

“உரிமைத் தொகை” என்றேன், காஞ்சிபுரம் மேடையில் நிற்பவன் மாதிரி.

அவள் நாள்காட்டித் தாளைக் கிழித்தாள். என்னோடு இத்தனை வருஷம் இருந்ததில் கணக்கு மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாளுக்கு 289 நிமிடம், முப்பது நாள், மொத்தம் 144 மணி 30 நிமிடம். “மணிக்கு ஆறு ரூவா தொண்ணூத்திரண்டு பைசா” என்றாள். மறுநாள் எழுத்துமூலமாகவே மனு வந்தது. ஆறு மாதத்துக்கொருமுறை பஞ்சப்படி. கல்யாணம் ஆன நாளிலிருந்து அரியர்ஸ். கோரிக்கை ஏற்கப்படும்வரை ஞாயிறுதோறும் அடையாள வேலைநிறுத்தம்.

மனு பரிசீலனையில் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். வங்கியில் கற்றதில் இன்றுவரை கைகொடுப்பது அந்த ஒரு வாக்கியம்தான்.

இன்று ஞாயிறு. அக்காவுக்கு லீவு, அடுப்படியில் ஸ்டிரைக். மாப்பிள்ளையை இறக்கிவிட்டு நான் உப்புமா கிண்டிக்கொண்டிருக்கிறேன். ரவை அடிப்பிடிக்கிற வாசம் வருகிறது. கூடத்திலிருந்து, ‘நான் மாட்டிக்கொண்டேன், உதவுங்கள்’ என்று அது கூப்பிடுகிறது. நானும் அதையேதான் கூப்பிட வாயெடுத்தேன். கேட்க வேண்டியவள் கோயிலுக்குப் போயிருக்கிறாள்.